புற்றுநோய் மருந்து ஆய்வில் சேருவது எப்படி: நோயாளியின் குடும்பத்தினருக்கு ஒரு வழிகாட்டி

புதிய புற்றுநோய் மருந்துகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வில், அதாவது எல்லோரும் ‘ட்ரையல்’ என்று சொல்லும் கிளினிக்கல் ட்ரையலில், தங்கள் வீட்டு நோயாளியைச் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்தபின் அவரை ஓர் ஆய்வில் சேர்க்க நாங்கள் நிறையவே அலைந்தோம். அந்த அலைச்சலில் பாதிக்கும் மருத்துவத்துக்கும் தொடர்பில்லை. எந்தக் காகிதம் எப்போது வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாமல் போனதால் வந்தது. கீழே உள்ளவை இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து முயல்பவர்களுக்குப் பொருந்தும். சிகிச்சை குறித்த முடிவை உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கலந்தே எடுங்கள்.

1. அடுத்த சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள்

எல்லா மருந்தும் கைவிட்டபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. நடைமுறை இதற்கு நேர்மாறானது. ஒவ்வோர் ஆய்வுக்கும் ‘புரோட்டோகால்’ எனப்படும் ஆய்வுத் திட்டம் உண்டு. நோயாளி அதற்குமுன் எத்தனை வகைக் கீமோ பெற்றிருக்கலாம் என்று அதில் வரம்பு போட்டிருப்பார்கள். நோய் முற்றியபின் முதன்முறையாக மருந்து பெறுபவர்களை மட்டுமே சேர்க்கும் ஆய்வுகள் பல. அத்தகைய ஆய்வு ஒன்று நடக்கும்போது இடையில் ஒரு கீமோ சுழற்சி போட்டுக்கொண்டால்கூட அந்தக் கதவு மூடிவிடும்.

மூடாவிட்டாலும் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. பழைய மருந்து உடலை விட்டு நீங்குவதற்காக, கடைசிக் கீமோவிலிருந்து சாதாரணமாக மூன்று அல்லது நான்கு வாரம் கடந்திருக்க வேண்டும் என்பார்கள். நோயாளியின் உடல்நிலையையும் ‘ஈகாக்’ என்ற அளவுகோலில் மதிப்பிடுவார்கள். 0 என்றால் முன்பு செய்த வேலைகளையெல்லாம் செய்ய முடிகிறது. 1 என்றால் கடின உழைப்பு முடியாது, ஆனால் நடமாட்டமும் இலகுவான வேலையும் முடியும். பெரும்பாலான புது மருந்து ஆய்வுகள் இந்த இரண்டு நிலையில் உள்ளவர்களையே ஏற்கும். படுக்கையில் விழுந்தபின் தேடத் தொடங்கினால் மருந்து இருந்தும் இடம் இருக்காது.

ஆகவே மருத்துவர் சிகிச்சையை மாற்றப் போகிறேன் என்று சொல்லும் நாளிலேயே, “இந்த நிலைக்கு ஏற்ற ட்ரையல் எங்காவது நடக்கிறதா டாக்டர்?” என்று கேட்டுவிடுங்கள். அதே சமயம், ஆய்வு கிடைக்கும் என்ற நம்பிக்கையில், உடனே தேவைப்படும் சிகிச்சையை நீங்களாகவே தள்ளிப்போடாதீர்கள். எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதையும் அதே மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

2. ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் கட்ட ஆய்வு எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று பார்ப்பதற்கானது. புற்றுநோயில் இதைப் பெரும்பாலும் நோயாளிகளிடமே செய்கிறார்கள். பரவலான முறை இது: மூவருக்கு ஒரு குறைந்த அளவு கொடுப்பார்கள், முதல் சுழற்சியில் யாருக்கும் தாங்க முடியாத பாதிப்பு வராவிட்டால் அடுத்த மூவருக்கு அளவைக் கூட்டுவார்கள், ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவரைச் சேர்த்துப் பார்ப்பார்கள், இருவருக்கு வந்துவிட்டால் ஏற்றத்தை நிறுத்திக் கீழே இறங்குவார்கள். நீங்கள் முதல் மூவரில் ஒருவரா, கடைசி மூவரில் ஒருவரா என்பதைப் பொறுத்து உங்களுக்குக் கிடைக்கும் அளவும் ஆபத்தும் மாறும். அதைக் கேட்பதில் தவறில்லை.

இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, நடப்பிலுள்ள சிறந்த சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுவார்கள். எல்லா ஆய்வையும் மருந்துக் கம்பெனிகளே நடத்துவதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோயில் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப் என்ற மருந்தை வழக்கமான அளவில் ஒரு சிறு பங்கான 20 மில்லிகிராம் மட்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, குறைந்த அளவு வாய்வழி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 151 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தோரின் விகிதம், வாய்வழி மருந்துகள் மட்டும் பெற்ற பிரிவில் 16.3 சதவீதம், நிவோலுமாப் சேர்த்த பிரிவில் 43.4 சதவீதம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘பயோஈக்விவலன்ஸ்’ என்ற சொல் தலைப்பில் இருந்தால் அது புது மருந்துக்கான ஆய்வு இல்லை. ஏற்கெனவே உள்ள மருந்தை வேறொரு கம்பெனி தயாரிக்கும்போது, இரண்டும் இரத்தத்தில் ஒரே அளவு சேர்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதற்காக நோயாளியை மருத்துவமனையில் தங்கவைத்துப் பலமுறை இரத்தம் எடுப்பார்கள். உயிரணுக்களிலிருந்து தயாராகும் உயிரியல் மருந்தின் நகலைச் சோதிக்கும் ‘பயோசிமிலர்’ ஆய்வும் ஏறக்குறைய இந்த வகையே. ஆனால் விலை உயர்ந்த உயிரியல் மருந்து எந்தப் பிரிவில் விழுந்தாலும் கிடைக்கும் என்பதால், பணத்துக்குத் திண்டாடும் குடும்பங்களுக்கு அது உண்மையிலேயே பயன்படலாம். எதில் சேருகிறோம் என்று தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

3. கோப்பைத் தயார் செய்யுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் நாள்களை இழப்பது இந்தப் படியில்தான். முதல் தொலைபேசி அழைப்புக்கு முன்பே கீழ்க்கண்டவை கையில் இருக்கட்டும்.

முதலாவது, பயாப்சி அறிக்கை மட்டுமல்லாமல், பயாப்சி ‘பிளாக்’கும் வேண்டும். உடலிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கேசட்டில் எண் எழுதி வைத்திருப்பார்கள். அது நீங்கள் பயாப்சி செய்த பரிசோதனைக் கூடத்தில் இருக்கும். சிகிச்சை பெறும் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மருத்துவரிடம் ஒரு கோரிக்கைக் கடிதம் வாங்கி, அறிக்கையில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டு, கையெழுத்திட்டுப் பெற வேண்டும். சில இடங்களில் பிளாக்குக்குப் பதில் சாயமேற்றிய ஸ்லைடுகளைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மரபணு, புரதச் சோதனைகளுக்கு அவை பயன்படாது. “பிளாக்தான் வேண்டும்” என்று நின்று வாங்குங்கள். அதே போல, சாயமேற்றாத ஸ்லைடுகளை முன்கூட்டியே வெட்டி வைக்கச் சொல்லாதீர்கள். வெட்டியபின் நாளாக நாளாக அவற்றின் தரம் குறையும். ஆய்வு மையம் எத்தனை வேண்டும் என்று சொன்ன பிறகு வெட்டினால் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் கூரியரில் அனுப்பினால் மெழுகு இளகிவிடும். ஜெல் ஐஸ் பையோடு கட்டச் சொல்லுங்கள், அல்லது நேரில் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, ஸ்கேன் படங்கள் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ ‘டைகாம்’ எனப்படும் டிஜிட்டல் கோப்பு வடிவில் இருக்க வேண்டும். ஃபிலிமை வைத்து யாரும் கட்டியைத் துல்லியமாக அளக்க மாட்டார்கள். அளவு ஏன் முக்கியம் என்றால், பல ஆய்வுகள் ‘ரெசிஸ்ட்’ என்ற விதிப்படி அளக்கத்தக்க கட்டி ஒன்றாவது வேண்டும் என்கின்றன. சிடி ஸ்கேனில் 10 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். நிணநீர்க் கணுவானால் அதன் குறுக்களவு 15 மில்லிமீட்டர்.

மூன்றாவது, சிகிச்சை வரலாறு ஒரே தாளில். எந்தத் தேதியில் எந்த மருந்து, எத்தனை சுழற்சி, கடைசி டோஸ் எப்போது, ஏன் நிறுத்தினார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். கம்பெனிப் பெயர்களை விட்டுவிட்டு மருந்தின் பொதுப் பெயரை எழுத வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்திருந்தால் மருந்தக பில்களில் தேதியும் அளவும் கிடைக்கும். அதனால் பில்களைத் தூக்கி எறியாதீர்கள்.

இவற்றோடு ஆதார் நகல், மற்ற நோய்களுக்குச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், அண்மை இரத்தப் பரிசோதனை ஆகியவை போதும்.

4. பதிவேட்டில் நீங்களே தேடுங்கள்

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்னும் தேசியப் பதிவேட்டில், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவாக வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். தேடலை ஆங்கிலத்தில்தான் செய்ய வேண்டியிருக்கும். ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்று தேடினால் வராதது ‘கார்சினோமா பிரெஸ்ட்’ என்று தேடினால் வரும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் அதையும் போடுங்கள்.

ஒரு பதிவைத் திறந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள். ‘ரெக்ரூட்மென்ட் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் ‘ஓபன் டு ரெக்ரூட்மென்ட்’ என்று இருந்தால்தான் ஆள் சேர்க்கிறார்கள் என்று பொருள். அடுத்து, ஆய்வு நடக்கும் மருத்துவமனைகளின் பட்டியலும் அங்குள்ள தலைமை ஆய்வாளரின் தொடர்பும் இருக்கும். மூன்றாவது, பங்கேற்பவர்களின் நலன் கருதி ஆய்வைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் நிலை: பட்டியலில் உள்ள உங்கள் ஊர் மருத்துவமனைக்கு எதிரே ‘அப்ரூவ்டு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது, சேரத் தகுதியும் சேர முடியாத காரணங்களும் கொண்ட பட்டியல். அதை அச்செடுத்து உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய், ஒவ்வொரு வரிக்கும் எதிரே டிக் போடச் சொல்லுங்கள். வேலைப்பளுவில் அவர் முகம் சுளித்தாலும் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை அது.

பதிவேட்டில் உள்ளதை அப்படியே நம்பி ரயில் ஏறிவிடாதீர்கள். நிலவரத்தைப் புதுப்பிக்கத் தாமதமாகும். எங்களுக்கு ஒரு மையம் இந்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்துவிட்டு, இடம் நிரம்பி வெகுநாளாயிற்று என்று கடைசியில் சொன்னது. தலைமை ஆய்வாளரைவிட அவருக்குக் கீழே ஆய்வின் அன்றாட வேலைகளைக் கவனிக்கும் ‘ஸ்டடி கோஆர்டினேட்டர்’தான் உண்மை நிலவரம் தெரிந்தவர். அவருடைய எண்ணை வாங்கி, “இப்போது இடம் இருக்கிறதா, ஸ்கிரீனிங் எப்போது?” என்று நேராகக் கேளுங்கள்.

பணம் கட்டினால் புது மருந்தோ ஸ்டெம் செல்லோ தருகிறோம், இது ட்ரையல் என்று யாராவது சொன்னால் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். எண் ஆண்டு, மாதம், வரிசை எண் என்ற அமைப்பில் இருக்கும். அதைச் சொல்ல மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். எண் இருந்தாலும், ஆய்வுக்காகச் செய்யும் எதற்கும் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே இங்குள்ள நெறிமுறை.

5. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்

எந்தப் பரிசோதனைக்கும் முன்பு ஒப்புதல் வாங்க வேண்டும். நோயாளிக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம் என்று இரண்டு பகுதி இருக்கும். இரண்டும் நோயாளிக்குப் புரியும் மொழியில், நமக்குத் தமிழில், இருக்க வேண்டும். இருபது பக்கத்துக்கு மேல் போவது சாதாரணம். மொழிபெயர்ப்பு பல இடங்களில் கரடுமுரடாக இருக்கும். புரியாத வரிக்கு அடியில் கோடிட்டுக் கேளுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

நோயாளிதான் கையெழுத்திட வேண்டும். தேதியையும் அவர் கையாலேயே எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவரானால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடன் இருப்பார். முற்றிலும் புதிய மருந்துக்கான ஆய்வில், குணமாக்க முடியாத நோய் உள்ளவர், வறுமையில் உள்ளவர் போன்றோரிடம் ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிவு செய்வார்கள். என் அத்தை கேமராவைக் கண்டதும் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் “சரிங்க, சரிங்க” என்றார். கோஆர்டினேட்டர் நிறுத்திவிட்டு, “நீங்க புரிஞ்சதைச் சொல்லுங்கம்மா” என்று மறுபடி தொடங்கினார். அந்தப் பதிவு நோயாளியின் பாதுகாப்புக்கானது, அஞ்ச வேண்டாம்.

படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், நாமினியின் பெயர், உறவு ஆகியவற்றைக் கேட்பார்கள். இழப்பீடு என்று வந்தால் யாருக்குப் போய்ச் சேரும் என்பது நாமினி என்ற அந்த ஒரு வரியில் இருக்கிறது, காலியாக விடாதீர்கள். கையெழுத்தான நகல் ஒன்றை உங்களுக்குத் தருவது அவர்களின் கடமை. வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

கேட்க வேண்டியவை: சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? ஒப்பீட்டுப் பிரிவில் விழுந்தால் என்ன மருந்து? கூடுதலாக எத்தனை பயாப்சி? ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா?

பலரும் அஞ்சுவது பிளாசிபோ எனப்படும் போலி மருந்தைப் பற்றி. புற்றுநோயில் பலன் தரும் சிகிச்சை இருக்கும்போது வெறும் பிளாசிபோ மட்டும் கொடுப்பது அரிது. நடப்பிலுள்ள சிகிச்சையோடு புது மருந்து ஒரு பிரிவுக்கு, அதே சிகிச்சையோடு பிளாசிபோ மற்றொன்றுக்கு என்பதே வழக்கம். எந்தப் பிரிவு என்பதைக் கணினி முடிவு செய்யும். மருத்துவரைக் கெஞ்சிப் பயனில்லை, அவருக்கும் தெரியாது.

6. ஸ்கிரீனிங்: நாள்களை எண்ணிச் செய்யுங்கள்

ஒப்புதலுக்குப் பின் தகுதிப் பரிசோதனைகள். பெரும்பாலும் 28 நாளுக்குள் எல்லாம் முடிந்து முதல் டோஸ் தொடங்க வேண்டும். இரத்தப் பரிசோதனைகளுக்கு இன்னும் குறுகிய கெடு இருக்கும். நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் 1,500, தட்டணுக்கள் 1 லட்சம், ஹீமோகுளோபின் 9 என்பவை அடிக்கடி காணும் குறைந்தபட்ச அளவுகள். ஹீமோகுளோபின் குறைகிறதே என்று முந்தைய வாரம் இரத்தம் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஏற்றி இரண்டு வாரமாவது ஆகாமல் வந்த எண்ணைப் பல ஆய்வுகள் ஏற்பதில்லை.

பயாப்சி பிளாக் மையப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் முடிவு வரத்தான் அதிக நாள் பிடிக்கும். சில வேளை வெளிநாட்டுக்கே போகும். அதனால்தான் மூன்றாம் படியை அவ்வளவு நீட்டி எழுதினேன். தகுதி இல்லை என்று வருவதும் சகஜம். அப்படி வந்தால் அடுத்த நாளே வழக்கமான சிகிச்சையைத் தொடங்க ஏற்பாடு தயாராக இருக்கட்டும்.

7. செலவு: எது அவர்களுடையது, எது உங்களுடையது

கம்பெனி நடத்தும் ஆய்வில் ஆய்வு மருந்தும், ஆய்வுக்காக மட்டும் செய்யும் பரிசோதனைகளும் இலவசம். போக்குவரத்துச் செலவையும் பெரும்பாலும் தருவார்கள். எவ்வளவு என்று தகவல் தாளில் எழுதியிருக்கும், டிக்கெட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஆய்வு இல்லாவிட்டாலும் செய்திருக்கக்கூடிய ஸ்கேன், வழக்கமான கீமோ ஆகியவை யார் பொறுப்பு என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். மருத்துவமனையே நடத்தும் ஆய்வுகளில் நிதி குறைவாக இருப்பதால் இவை உங்கள் தலையில் விழ வாய்ப்பு அதிகம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீட்டை நம்பி இருக்காதீர்கள். நிரூபிக்கப்படாத சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம் என்பது பாலிசிகளில் வழக்கமாக உள்ள விலக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், வழக்கமான சிகிச்சைப் பகுதிக்கு அது செல்லுமா என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள்.

மும்பைக்கோ வேலூருக்கோ ரயிலில் போகிறவர்கள், புற்றுநோயாளிகளுக்கான கட்டணச் சலுகைப் படிவத்தை மருத்துவமனையில் நிரப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்த்தேன்.

8. மருந்து தொடங்கியபின்

வாய்வழி மருந்தானால் நாட்குறிப்புப் புத்தகம் ஒன்று தருவார்கள். எந்த நேரத்தில் விழுங்கினார், வாந்தி எடுத்தாரா என்று அன்றன்றே எழுத வேண்டும். காலி அட்டைகளைக் குப்பையில் போடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள்.

சீந்தில் கொடி, கஷாயம், உறவினர் கொண்டுவந்து கொடுத்த லேகியம் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதீர்கள். பல மாத்திரைகளோடு பம்பளிமாஸ் பழம்கூடக் கூடாது. உடல் மருந்தைச் சிதைக்கும் வேலையை அது தடுத்து, இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் அவர்கள் கொடுத்த எண்ணுக்கு அழையுங்கள். ஆய்வு அட்டையை நோயாளியின் பையில் எப்போதும் வைத்திருங்கள். ஊர் மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால் முதலில் அதைக் காட்ட வேண்டும்.

ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கட்டிகளின் அளவுகளைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்தால் பலன். எட்டிய மிகக் குறைந்த அளவிலிருந்து 20 சதவீதம் கூடினால், அல்லது புதிய கட்டி தோன்றினால், மருந்து கைவிட்டதாகக் கொண்டு பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். நோயாளி தெம்பாக உணரும்போதே இப்படி நிறுத்தப்படலாம் என்பதை முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

9. பாதிப்பு ஏற்பட்டால், அல்லது விலக நினைத்தால்

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், கிளினிக்கல் ட்ரையல் விதிகளின்படி, உயிருக்கு ஆபத்தான அல்லது மருத்துவமனையில் சேர்க்கும்படியான பாதிப்பை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆய்வினால் வந்ததில்லை என்று உறுதியாகும்வரை சிகிச்சைச் செலவு முழுவதும் அவர்களுடையது. ஆய்வினால் மரணமோ நிரந்தரப் பாதிப்போ நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. 8 லட்ச ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் கொண்டு கணக்கிடுவார்கள். 65 வயதைக் கடந்த, ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் எதிர்பார்க்கப்படாத நோயாளி ஆய்வினால் இறந்தால் அந்தக் கணக்கு 4 லட்சத்தில் நிற்கும். நோய் தன் போக்கில் முற்றி இறந்தால் இது கிடைக்காது. இந்த வேறுபாட்டில்தான் சச்சரவுகள் வரும் என்பதால் மருத்துவமனையில் சேர்த்ததற்கான சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். கோஆர்டினேட்டர் பதில் சொல்லாவிட்டால் நெறிமுறைக் குழுவை அணுகலாம். அதன் உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சாராதவர்கள். தொடர்பு எண் உங்கள் ஒப்புதல் படிவத்திலேயே இருக்கும்.

விலக நினைத்தால் காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; வழக்கமான சிகிச்சையை அதற்காக மறுக்க முடியாது. ஆனால் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாமல், பாதுகாப்பாக நிறுத்துவதற்கான கடைசிப் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். மருந்தால் பலன் கிடைத்து, வேறு சிகிச்சையும் இல்லாத நிலையில் ஆய்வு முடிந்தால், தலைமை ஆய்வாளர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளும் பட்சத்தில் கம்பெனி மருந்தைத் தொடர்ந்து இலவசமாகத் தர விதியில் இடமுண்டு. அந்தப் பரிந்துரையைத் தாமாக யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஆய்வு முடிய இன்னும் சில மாதம் இருக்கும்போதே எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கி வையுங்கள்.